உழைச்செல்வானும் உழையிருந்தானும்: மருத்துவப் பணிக்குழுவின் பண்பாட்டை மதிப்பிடும் நெறி

1. முன்னுரை

மருத்துவமனை ஒன்றின் தகுதியை அளந்தறியப் புகுவார், அதன் கட்டடங்களையும் படுக்கைகளையும் கருவிகளையும் மருந்துகளையும் எண்ணிக் குறித்தல் பெருவழக்கு. இவை எண்ணத்தக்கன, ஆதலின் எண்ணப்பெறுகின்றன. ஆயினும், படுக்கையும் கருவியும் மருத்துவர்தம் கல்வியும் ஒத்திருக்கும் இரண்டு மருத்துவமனைகளுள், ஒன்றன்கண் நோயாளர் நலம்பெற்று மீளுதலும், மற்றொன்றன்கண் தவிர்த்திருக்கத்தக்க இன்னல்கள் மீண்டும் மீண்டும் நேர்தலும் உண்டு. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது என்னும் வினாவே, மருத்துவப் பணிக்குழுவின் பண்பாட்டை மதிப்பிடுதல் என்னும் ஆராய்ச்சித் துறை வளரக் காரணமாயிற்று.

பண்பாடு என ஈண்டு நாம் குறிப்பது, கூடிப் பணியாற்றுவோர் 'இங்கு இதுவே முறை' என்று வெளிப்படச் சொல்லாமலே ஒப்புக்கொண்டு ஒழுகும் ஒழுகலாற்றினை. முதலிற் பேசுவார் யார், பேசாதிருப்பார் யார், பிழை நேர்ந்துழி அதனை வெளியிடுதல் வழக்கா மறைத்தல் வழக்கா, இளையோர் எழுப்பும் ஐயத்தை மூத்தோர் எவ்வாறு ஏற்பர் என்பன எல்லாம் அதன் கூறுகள்.

இஃது மேனாட்டு மேலாண்மை நூலார் வளர்த்த துறையாயிற்றே, தமிழாய்வுக்கும் இதற்கும் இயைபு யாது எனின், இயைபு இரண்டு வகையால் உண்டு. மருத்துவம் தனியொருவன் செயலன்று, ஒரு தொகுதியின் செயல் என்னும் கருத்து திருக்குறளிலும் அதன் உரைகளிலும் தெளிவாக அமைந்து கிடத்தல் ஒன்று. பண்பாட்டை அளக்கும் கருவிகள் யாவும் சொற்களால் ஆகியவை ஆதலின், தமிழ் பேசுவோரை அக்கருவிகளால் அளக்குங்கால் தமிழின் இயல்பறிந்தார் துணை இன்றியமையாததாதல் மற்றொன்று. இவ்விரண்டனையும் முறையே ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. 'மருந்து' என்னும் தொகுதி

திருக்குறளின் 95-ஆம் அதிகாரம் மருந்து. அதன் இறுதிப் பாடலாகிய 950-ஆம் குறள், மருத்துவம் நான்கு உறுப்புக்களை உடையது என வகுக்கின்றது. நோயுற்றவன், அந்நோயைத் தீர்ப்பவன், மருந்து, 'உழைச்செல்வான்' என்னும் நால்வகையும் கூடியதே மருந்து என்பது அதன் கருத்து.

இந்நான்கும் வடமொழி மருத்துவ நூல்களிலும் காணப்படுவன. சரக சங்கிதையின் சூத்திரத்தானம் ஒன்பதாம் இயல் இவற்றை மருத்துவத்தின் நான்கு பாதங்களாகக் கூறுகின்றது. ஆனால் முறைவைப்பில் ஒரு வேறுபாடு உளது. சரகர் மருத்துவனை முதற்கண் வைத்து, நோயாளியை இறுதிக்கண் வைத்தார். மருத்துவனே நால்வருள்ளும் தலைமையுடையான் என்றும் கூறினார். வள்ளுவரோ நோயுற்றவனை முதற்கண் வைத்தார். செய்யுள் நடை நோக்கி நேர்ந்த முறை என இதனைத் தள்ளிவிடுதல் கூடும். எனினும், நோயாளியின் அளவும் நோயின் அளவும் காலமும் எண்ணி மருத்துவன் செய்க என முந்தைய குறளிலேயே நோயாளியை முன்வைத்தமை நோக்க, இம்முறைவைப்பும் கருதிச் செய்யப்பட்டது எனக் கோடலே பொருந்தும்.

இக்குறளுக்குப் பரிமேலழகர் கண்ட உரை இத்துறையில் ஆழ்ந்து நோக்கத்தக்கது. நான்கும் கூடியல்லது பிணி நீங்காது. ஆதலின் அத்தொகுதியும் மருந்து எனப் பெயர்பெற்றது என்பது அவர் தரும் விளக்கம். ஆயுள்வேதமுடையார் இவற்றைக் கால்கள் எனக் கருதியமையையும், இவை தம்முள் மாறுபடுமாயின் தீரத்தக்க நோயும் முதிர்ந்து தீராததாய்விடும் என அவர் கூறியமையையும் உடன் எடுத்துக்காட்டுகின்றார்.

இவ்விளக்கத்துள் இரண்டு உண்மைகள் அடங்கியுள்ளன. குழுவே மருந்து என்பது முதலாவது. உறுப்புக்கள் தனித்தனியே நல்லனவாயிருந்தும், அவை தம்முள் இயையாவிடின் நோய் முதிரும் என்பது இரண்டாவது. பணிக்குழுப் பண்பாடு என்று இன்று நாம் வழங்குவது இவ்விரண்டாவது உண்மையையே.

3. பதினாறு பண்புகள்

நான்கு உறுப்புக்களும் ஒவ்வொன்றும் நான்கு வகைப்படும் என விரித்து, பதினாறு பண்புகளைப் பரிமேலழகர் வரைகின்றார். நோயுற்றவனுக்குப் பொருளுடைமை, மருத்துவன்வழி நிற்றல், தன் நோய்நிலையை எடுத்துரைக்கும் வன்மை, மருந்தினால் வரும் துன்பம் பொறுத்தல் என்பன வேண்டும். மருத்துவனுக்கு நோய்கண்டு அஞ்சாமை, ஆசிரியனை அடுத்துக் கற்ற கல்வியும் நுண்ணறிவும், பலகாலும் தீர்த்துப் பயின்ற பழக்கம், உள்ளமும் மொழியும் மெய்யும் தூயவாதல் என்பன வேண்டும். மருந்துக்கும் இவ்வாறே நான்கு உள. உழைச்செல்வானுக்கு நோயாளியிடத்து அன்பு, மூவகைத் தூய்மை, சொல்லியவற்றை அவ்வாறே செய்யும் வன்மை, அறிவுடைமை என்பன வேண்டும்.

இதனை ஒரு மதிப்பீட்டுப் பட்டியல் என்றே கூறலாம். ஆய்வாளன் ஒருவன் கையிற் கொண்டு சென்று, 'உண்டு', 'இல்லை' எனக் குறித்து வரத்தக்க அமைப்பு இதற்கு உளது.

இப்பட்டியலை வாக்படரின் அட்டாங்க இருதயத்தோடு ஒப்புநோக்கின், நெருங்கிய ஒற்றுமை புலனாகும். பணியாளனுக்கு அவர் கூறுவனவும் நான்கே: அன்பு, தூய்மை, திறமை, அறிவு. 'திறமை' என வாளா அமைந்த பண்பு, பரிமேலழகர் உரையில் 'சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் திறமை' என வரையறை பெற்றுள்ளது. இவ்வரையறை சிறியதாயினும் பொருள் பெரிது. ஏவியதை வழுவாது செய்தலும், அறிவுடைமையும் ஒருங்கே வேண்டும் எனின், ஏவியது தவறு என அறிவு காட்டுமிடத்து உழைச்செல்வான் செய்யற்பாலது யாது? உரை இவ்வினாவை எழுப்பவில்லை. எனினும் இரண்டு பண்புகளையும் அடுத்தடுத்து நிறுத்தி, வினா பிறத்தற்கு இடம் செய்துவிட்டது. மருத்துவக் குழுவின் பண்பாட்டை மதிப்பிடுவார் இன்று ஆராயும் வினாக்களுள் தலையாயதும் இதுவே.

இக்குறளின் உரைகளை ஒருங்கு வைத்துக் கற்க விழைவார்க்குத் திருப்பனந்தாள் காசித் திருமடம் வெளியிட்ட திருக்குறள் உரைக்கொத்துப் பெருந்துணையாகும். ஒரு சொல்லுக்கு உரையாசிரியர் கண்ட பொருள்வேற்றுமைகளை ஒரே பக்கத்திற் காணும் வாய்ப்பை அப்பதிப்பு நல்குகின்றது.

4. கல்வெட்டுக் காட்டும் பணிக்குழு

நூல்கள் கூறுவது இருக்கவேண்டிய குழு. கல்வெட்டுக்கள் கூறுவது இருந்த குழு. காவிரி நாட்டில் குந்தவையார் தம் தந்தையாகிய சுந்தரசோழன் பெயரால் தஞ்சையில் ஆதுலசாலை அமைத்து நிலமும் அளித்தமை வரலாற்றறிஞர் அறிந்தது. ஆயினும், பணியாளர் ஒவ்வொருவரையும் ஊதியத்துடன் விரித்துரைப்பது, காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் உள்ள வீரராசேந்திரன் கல்வெட்டே. அது பதினோராம் நூற்றாண்டினது. அவ்வரசனின் ஆறாம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்டது. ஆதலின் சோழர்கால மருத்துவக் குழுவின் அமைப்பை அறிய அதனைச் சான்றாகக் கொள்கின்றோம்.

வீரசோழன் என்னும் பெயருடைய அவ்வாதுலர்சாலையில் 15 படுக்கைகள் இருந்தன. படுக்கையில் உள்ளார்க்கு நாளொன்றுக்குத் தலைக்கு ஒரு நாழி அரிசி வழங்கப்பட்டது. மருத்துவனுக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்வானுக்கு 30 கலம் நெல். மூலிகையும் விறகும் கொணர்ந்து மருந்து செய்வார் இருவர்க்கு 60 கலம் நெல்லும் 2 காசும். நோயாளர்க்கு மருந்தூட்டிப் பணிசெய்யும் பெண்டிர் இருவர்க்கு 30 கலம் நெல்லும் ஒரு காசும். நாவிதனுக்கு 15 கலம் நெல். இரவெல்லாம் எரியும் விளக்குக்கும், ஆண்டுக்கு வேண்டும் மருந்துகளைச் சேர்த்து வைத்தற்கும் தனியே பொருள் ஒதுக்கப்பட்டது. கடுக்காயை முதலாகக் கொண்ட மருந்துகளும், எண்ணெய்களும், நெய்களுமாக மருந்துகளின் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன.

கலம் என்பது 12 குறுணி. குறுணி என்பது 8 நாழி. ஆண்டுக்கு 360 நாள் எனக் கணக்கிடின், மருத்துவன் பெற்றது நாளொன்றுக்கு மூன்று குறுணி. பணிப்பெண் ஒருத்தி பெற்றது நான்கு நாழி. நெல்லளவில் அவன் பெற்றது அவள் பெற்றதைப்போல் ஆறு மடங்காகும். காசளவில் பதினாறு மடங்காகும். அறுவை செய்வான் பெற்ற நெல், மூலிகை கொணர்வான் ஒருவன் பெற்ற நெல்லுக்கு ஒப்பானது.

இவ்வெண்கள் குழுவின் படிநிலையை ஐயத்திற்கு இடமின்றிக் காட்டுகின்றன. ஆயின் இவற்றைக் கொண்டு, அக்குழுவின் பண்பாட்டை அறிந்துவிட்டோம் என நாம் கருதுதல் கூடாது. நள்ளிரவில் அவ்விளக்கொளியில் நோயாளியின் மூச்சு மாறுபடக் கண்ட பணிப்பெண், மருத்துவனை எழுப்பத் துணிந்தாளா? எழுப்பப்பட்டவன் சினந்தானா, நன்றி கூறினானா? கல்லில் இவற்றுக்கு விடை இல்லை. ஊதியப் பட்டியல் அமைப்பைக் காட்டும். அமைப்பினுள் இயங்கும் உறவைக் காட்டாது. இன்று மருத்துவமனைகளை ஆய்வார், பணியிட எண்ணிக்கையையும் பதவி நிரலையும் கண்டு பண்பாட்டைத் தீர்மானிக்க முற்படுவாராயின், கல்வெட்டைக் கண்டு அப்பணிப்பெண்ணின் மனநிலையைத் தீர்மானிப்பாரை ஒப்பர்.

தஞ்சையில் இரண்டாம் சரபோசி மன்னர் (ஆட்சி 1798–1832) நடத்திய தன்வந்திரி மகால் பிறிதொரு வகைச் சான்று தருகின்றது. நம் நாட்டு மருத்துவ முறைகளும் மேனாட்டு முறையும் அங்கு ஒருங்கு பயிலப்பட்டன. கண்நோயாளர் பற்றிய குறிப்புக்கள் எழுதி வைக்கப்பட்டன. தேர்ந்த மருந்துமுறைகள் தமிழ்ச் செய்யுளாக்கப்பட்டுச் சரபேந்திர வைத்திய முறைகள் என வழங்குகின்றன. கண்டதை எழுதிவைக்கும் வழக்கம் தானே ஒரு பண்பாட்டுக் கூறு என்பதை இஃது உணர்த்தும்.

5. இக்கால ஆய்வாளர் கொள்கை

நிறுவனங்களின் பண்பாடு மூன்று நிலைகளில் அமைந்துள்ளது என எட்கர் சைன் என்னும் அமெரிக்க அறிஞர் 1985-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். கண்ணுக்குப் புலனாவன முதல் நிலை: உடை, இருக்கை, அறிவிப்புப் பலகை, கூட்டம் நடைபெறும் முறை என்பன. வாயாற் சொல்லப்படுவன இரண்டாம் நிலை: 'நோயாளியே எமக்கு முதன்மை' என்பது போன்ற கோட்பாடுகள். சொல்லப்படாமலே உள்ளத்துள் உறைவன மூன்றாம் நிலை: 'மூத்தவரை மறுத்துப் பேசினால் தீங்கு வரும்' என்பது போன்ற துணிபுகள். முன்னிரண்டும் எளிதிற் புலப்படும். மூன்றாவதே ஒழுக்கத்தை இயக்குவது.

அகப்பாடல்களின் உள்ளுறையைப் பயின்ற தமிழ் மாணவர்க்கு இப்பகுப்புப் புதுமையாகத் தோன்றாது. வெளிப்படக் கூறிய பொருளும், அதனுள் உறையும் பொருளும் வேறு. முன்னதைத் துணைக்கொண்டே பின்னதை உய்த்துணர்தல் வேண்டும். மருத்துவமனைச் சுவரில் எழுதிய உறுதிமொழியைப் படித்துவிட்டு அதுவே அக்குழுவின் பண்பாடு எனத் துணிதல், கருப்பொருளை மட்டும் கண்டு உள்ளுறையைக் காணாது விடுதலை ஒக்கும்.

குழுப் பண்பாட்டை வகைப்படுத்துவாரும் உளர். குடும்பம் போன்ற பிணைப்புடையது, புதுமை நாடுவது, போட்டியும் பயனும் கருதுவது, விதியும் படிநிலையும் போற்றுவது எனப் பண்பாடு நான்கு வகைப்படும் என்பது அவருள் ஒருசாரார் கருத்து. ஒரே குழுவில் இந்நான்கும் வெவ்வேறு அளவிற் கலந்திருக்கும். இவற்றுள் ஒன்று நன்று, ஏனைய தீயன என்பது பொருளன்று. குருதி பெருகும் அறுவையறையில் ஒருவர் ஆணைக்குப் பலர் கட்டுப்படுதல் வேண்டும். அறுவைக்கு முன்னரும் பின்னரும் அப்பலரும் வாய்திறக்க இடம் வேண்டும். படிநிலை தன்னளவிற் குற்றமன்று. அது வாயை அடைக்கும் கதவாக மாறுதலே குற்றம்.

அளவுகோல்களும் பல. மருத்துவத் துறையில் பண்பாட்டை எண்வழி அளக்கும் கருவிகளைத் தொகுத்து ஆராய்ந்த ஒரு கட்டுரை 2003-இல் வெளிவந்தது. அஃது ஆராய்ந்த கருவிகள் 13. எல்லா நோக்கத்துக்கும் பொருந்துவது எனக் கூறத்தக்க கருவி எதுவும் அவற்றுள் இல்லை. நோக்கத்திற்கு ஏற்பத் தேர்ந்து கொள்ளல் வேண்டும் என்பதே முடிவு. இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரியகோயிலில் நெல்லளக்க ஆடவல்லான் என்னும் மரக்காலைக் குறிப்பிட்டதோடு, அஃது இராசகேசரி என்னும் மரக்காலோடு ஒக்கும் எனவும் பொறித்தனர். மரக்கால் வேறுபட்டால் அளவு வேறுபடும் என அவர் அறிந்திருந்தனர். பண்பாட்டை அளப்பார்க்கும் அவ்வெச்சரிக்கை வேண்டும்.

6. பிழைக் கணக்கும் அதன் பொருளும்

நல்ல குழு பிழை குறைவாகச் செய்யும். ஆதலின் பிழைகளை எண்ணினால் பண்பாடு விளங்கும் எனத் தோன்றும். ஏமி எட்மன்சன் என்பார் அவ்வெண்ணத்துடனேயே இரண்டு மருத்துவமனைகளில் எட்டுச் செவிலியர் பிரிவுகளை ஆராய்ந்தார். மருந்து வழங்குதலில் நேர்ந்த பிழைகளும், குழுக்களின் இயல்பும் தனித்தனியே கணிக்கப்பட்டன. 1996-இல் வெளிவந்த முடிவு எதிர்பார்த்ததற்கு மாறாக இருந்தது. நல்ல தலைமையும் நல்லுறவும் வாய்ந்த பிரிவுகளிலேயே பிழைகள் மிகுதியாகப் பதிவாகியிருந்தன. அப்பிரிவுகளில் உள்ளோர் பிழையை அஞ்சாது வெளியிட்டனர். ஏனைய பிரிவுகளில் உள்ளோர் மறைத்தனர் என்பதே அவர் கண்ட விளக்கம். எனவே, பிழைக்கணக்கில் 'இல்லை' என எழுதப்பட்ட ஏடு பாராட்டத்தக்கதன்று, முதலில் ஐயுறத்தக்கது.

மறைத்தலும் வாய்மூடலும் விளைக்கும் தீங்கு எத்துணைக் கொடியது என்பதற்குப் பிரித்தானியாவின் பிரிசுடல் நகர மருத்துவமனை சான்றாகும். அங்கு 1984 முதல் 1995 வரை குழந்தைகட்கு நடைபெற்ற இதய அறுவை குறித்து ஆய்ந்த குழுவின் அறிக்கை 2001-இல் வெளிவந்தது. 1991 முதல் 1995 வரை, ஓராண்டு நிரம்பாத குழந்தைகளில் 30 முதல் 35 பேர், பிறவிடங்களில் எதிர்பார்க்கத்தக்க அளவினும் மிகுதியாக இறந்தனர் என அவ்வறிக்கை கணித்தது. மயக்கமருந்து மருத்துவர் ஒருவர் தம் கவலையைப் பன்முறை எடுத்துரைத்தும், அது செவிகொள்ளப்படவில்லை. அதிகாரம் சிலர்பாற் குவிந்திருந்தமையையும், கவலையை வெளியிடுதல் எளிதாக இல்லாமையையும் அறிக்கை சுட்டிற்று. அங்கு மருத்துவர்க்குக் கல்வி இல்லாமல் இல்லை. அன்பு இல்லாமல் இல்லை. உறுப்புக்கள் இருந்தன, இயைபு இல்லை. தீரத்தக்கது தீராததாய் முதிர்ந்தது.

7. உழைச்செல்வானும் உழையிருந்தானும்

இனி, முன்னர் எழுந்த வினாவுக்கு வருவோம். ஏவியதைச் செய்தலும் அறிவுடைமையும் முரணுமிடத்து உழைச்செல்வான் செய்யற்பாலது யாது?

'உழை' என்பது பக்கம், இடம் என்னும் பொருளது. ஏழாம் வேற்றுமைப் பொருள்பட வரும் சொற்களுள் ஒன்றாகத் தொல்காப்பியம் இதனை எண்ணும். உழைச்செல்வான் ஆவான் பக்கத்தே நின்று இயங்குபவன். இச்சொல்லை முதனிலையாகக் கொண்ட பிறிதொரு பெயரும் திருக்குறளில் உளது. அமைச்சு என்னும் 64-ஆம் அதிகாரத்தில், 638-ஆம் குறளில் வரும் 'உழையிருந்தான்' என்பதே அது. அரசன் அறிந்தார் கூற்றைத் தள்ளுபவனாயினும், தானும் அறியாதவனாயினும், உறுதியானவற்றை எடுத்துரைத்தல் உழையிருந்தானின் கடமை என்பது அக்குறளின் கருத்து.

உழையிருந்தான் பேசுதல் அவன் விருப்பத்திற்கு விடப்பட்டதன்று. கடன் என விதிக்கப்பட்டது. கேட்பவன் கேளாதவனாயினும் அக்கடன் நீங்குவதில்லை. 448-ஆம் குறளோ, இடித்துரைப்பார் இல்லாத அரசன் கெடுப்பார் இல்லாவிடினும் கெடுவான் எனக் கூறி, கேட்பான் பக்கத்து நின்றும் அதே உண்மையை வலியுறுத்துகின்றது. இரண்டனையும் கூட்டி நோக்கின், சொல்லுதல் ஒருவன் கடன். சொல்வார்க்கு இடம் தருதல் மற்றவன் காவல் என்பது போதரும்.

அமைச்சன் கற்றோன், அரசனுக்கு ஒப்ப இருந்து சூழ்பவன், உழைச்செல்வானோ ஏவலன், இருவரையும் ஒப்பவைத்தல் பொருந்துமா எனின், கூறுதும். உழைச்செல்வான் வெறும் ஏவலனாயின் அவனுக்கு அறிவுடைமையை ஒரு பண்பாக உரையாசிரியர் விதித்திருக்க வேண்டுவதில்லை. வன்மையும் தூய்மையும் அமையும். அறிவு வேண்டும் என்றமையால், அவ்வறிவு பயன்படுதற்குரிய வாயிலும் வேண்டும் என்பது தானே பெறப்படும். மேலும், மருத்துவன் நோயாளியைக் காண்பது சிறிது நேரம். உழைச்செல்வான் காண்பது நெடுநேரம். பக்கத்தே இருப்பவன் காண்பதை அகன்றிருப்பவன் காணான். இருவர் பெயரிலும் 'உழை' அமைந்தமை, அவர்தம் கடன் அவர் நிற்கும் இடத்தினின்று பிறப்பது என்பதை உணர்த்துகின்றது. எனவே, சொல்லியதைச் செய்தல் உழைச்செல்வானின் திறம். சொல்லவேண்டியதைச் சொல்லுதல் அவன் அறிவு. இரண்டும் கூடியவழியே அவன் நிறைவுடையான்.

மருத்துவப் பணிக்குழுவை மதிப்பிடுவார் முதற்கண் கேட்கவேண்டிய வினா இதனாற் பெறப்படுகின்றது: இக்குழுவில் உழைச்செல்வான் உழையிருந்தானாகவும் இருத்தல் இயலுமா?

8. அளவுகோலும் மொழியும்

இவ்வினாவை இன்று பல நாடுகளிற் பயிலும் வினாநிரல்களும் கேட்கின்றன. 2006-இல் விளக்கி வெளியிடப்பட்ட பாதுகாப்பு மனப்பான்மை வினாநிரல், குழுவுணர்வு, பாதுகாப்புணர்வு, பணிநிறைவு, தளர்ச்சியை உணர்தல், மேலாண்மை பற்றிய கருத்து, பணிச்சூழல் என ஆறு கூறுகளை அளக்கின்றது. கூற்று ஒவ்வொன்றுக்கும் 'முற்றும் உடன்படுகின்றேன்' என்பது முதல் 'முற்றும் மறுக்கின்றேன்' என்பது ஈறாக ஐந்து படிகளுள் ஒன்றைக் குறித்தல் வேண்டும்.

இத்தகைய வினாநிரலைத் தமிழாக்குமிடத்து மூன்று இடர்கள் நேர்கின்றன.

முதலாவது, எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் வேறுபடுதல். செந்தமிழில் அச்சிட்ட கூற்றைக் காணும் பணியாளர், அதனைத் தேர்வுத்தாள் எனவோ மேலிடத்து ஆணை எனவோ கருதுவர். எது நிகழ்கின்றது என்பதை விடுத்து, எது நிகழவேண்டும் என்பதையே குறிப்பர். சைன் கூறிய இரண்டாம் நிலையே விடையாக வரும். மூன்றாம் நிலை மறைந்துவிடும்.

இரண்டாவது, எதிர்மறைக் கூற்று. 'குறை கண்டால் எடுத்துச் சொல்லுதல் இங்குக் கடினம்' என்னும் பொருள்படும் கூற்று மூலத்தில் உளது. உடன்பாட்டு விடையே எதிர்மறைப் பொருள் தரும் இவ்வமைப்பு படிப்பவரைத் தடுமாறச் செய்யும். மொழிபெயர்ப்பாளர் அதனை 'எளிதன்று' என எதிர்மறைச் சொல்லாலேயே அமைத்துவிடின், 'ஆம்' என்பார் எதனை ஏற்றார், 'இல்லை' என்பார் எதனை மறுத்தார் என்பது அவர்க்கே தெளிவாகாது.

மூன்றாவது, விளிமுறை. தமிழில் 'நீ', 'நீங்கள்' என்னும் வேறுபாடும், ஒருமை பன்மை வினைமுற்றுக்களும், உறவுப்பெயர் விளிகளும் படிநிலையை ஒவ்வொரு தொடரிலும் வெளிப்படுத்துவன. மருத்துவர் செவிலியரை எவ்வாறு விளிக்கின்றார், செவிலியர் துப்புரவுப் பணியாளரை எவ்வாறு விளிக்கின்றார், முதிய நோயாளியை 'அம்மா', 'ஐயா' என்கின்றனரா, படுக்கை எண்ணால் அழைக்கின்றனரா என்பன ஆங்கில வினாநிரலில் இடம்பெறா. அம்மொழிக்கு அவை இயல்பல்ல. தமிழ்நாட்டிலோ இவையே பண்பாட்டின் நேரிய சான்றுகள். ஒரு வாரம் கூர்ந்து கேட்டு இவ்விளிகளைக் குறித்துக்கொண்டால், நூறு கூற்றுக்களுக்கு இடும் குறிகளினும் தெளிவான செய்தி கிடைக்கும். இப்பணிக்கு மொழியியலும் இலக்கணமும் பயின்ற முதுகலை மாணவரினும் தக்கார் யாவர்?

9. மதிப்பிடும் முறை

திருப்பனந்தாள் போன்ற ஒன்றியத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சமவெளிப் பகுதியில் 30,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையமும், 5,000 மக்களுக்கு ஒரு துணை நிலையமும் என்பது வகுக்கப்பட்ட அளவு. மருத்துவ அலுவலர், செவிலியர், மருந்தாளுநர், ஆய்வக நுட்புநர், சுகாதார ஆய்வாளர், கிராம சுகாதாரச் செவிலியர், துப்புரவுப் பணியாளர் எனக் குழு விரியும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால், குழுவின் எல்லை நோயாளியின் வீட்டுத் திண்ணை வரை நீண்டது.

இத்தகைய நிலையங்களை மதிப்பிட இந்திய அரசு 2013 முதல் வகுத்துவரும் தேசியத் தர உறுதி நெறிகள் எட்டுப் பகுதிகளை உடையன. அவற்றுள் மதிப்பிடுவார்க்கு விதித்த வழிகள் நான்கு: நேரிற் காணுதல், பணியாளரை வினாவுதல், ஏடுகளை நோக்குதல், நோயாளியை வினாவுதல். இந்நான்கனையும் பண்பாட்டு ஆய்வுக்கும் நாம் பயன்படுத்தலாம்.

காணுங்கால், காலைக் கூட்டத்தில் பேசுவார் வரிசையையும், ஒருவர் பேச்சு இடைமறிக்கப்படுவதையும், மௌனம் நிலவும் இடங்களையும் குறித்தல் வேண்டும். பணியாளரை வினாவுங்கால், 'குறையை எடுத்துச் சொல்வீரா' எனப் பொதுவாகக் கேளாது, 'நீங்கள் கடைசியாக எடுத்துச் சொன்னது எது, அதன்பின் நடந்தது என்ன' எனக் கேட்டல் வேண்டும். அதுவும் அவரவர் பேசும் தமிழில், மேலோர் இல்லாதவிடத்து. வயல்வேலைக்குச் செல்லும் கருவுற்ற பெண்ணுக்குக் குருதியழுத்தம் மிகுந்தது எனக் கிராம சுகாதாரச் செவிலியர் தெரிவித்தபோது, அச்செய்தி எவ்வளவு நேரத்தில் மருத்துவரை அடைந்தது, எத்துணைப் பேர் வாய்வழியே கடந்து சென்றது, இடையில் மாறிற்றா என ஒரு செய்தியைப் பின்தொடர்ந்து செல்லுதல் சிறந்த முறை. ஏடுகளை நோக்குங்கால், பதிவாகிய பிழைகளின் எண்ணிக்கையை அன்றி, பதிவு செய்தவர் யார், பதிவுக்குப் பின் மாறியது யாது என்பவற்றை நோக்குதல் வேண்டும்.

நான்காவது வழி நோயாளி. நோய்நிலையை எடுத்துரைக்கும் வன்மையை நோயுற்றவன் பண்புகளுள் ஒன்றாக உரை வைத்தது. அவ்வன்மை அவனிடத்து மட்டும் அமைவதன்று. கேட்பார் செவியிலும் அமைவது. 'உங்கள் கூற்றை முழுதும் சொல்லி முடித்தீரா' என்னும் ஒரு வினா, நோயாளியைக் குழுவின் உறுப்பாகக் கொண்டனரா அன்றிப் பணிப்பொருளாகக் கொண்டனரா என்பதைப் புலப்படுத்தும். நோயாளிக்கு முதலிடம் அளித்த நூலை உடையோம் ஆதலின், இவ்வழியை இறுதிக்கண் வைத்து விரைந்து முடித்தல் நமக்குத் தகாது.

இம்மதிப்பீட்டின் பயன் தண்டித்தலாக ஆதல் கூடாது. மதிப்பெண் குறைந்த குழு ஒறுக்கப்படும் எனின், அடுத்த ஆண்டு எல்லாக் குழுவும் நிறைமதிப்பெண் பெறும். உண்மை மட்டும் ஏட்டினின்று நீங்கும். முடிவுகளை முதற்கண் குழுவினரிடமே வைத்து, 'இஃது உங்கள் நிலையா' என அவரைக் கேட்டல் வேண்டும். உழைச்செல்வாரை வாய்திறக்கச் செய்யும் மதிப்பீடே மதிப்பீடு. அவர் வாயை மேலும் மூடச்செய்வது தான் அளக்க வந்த நோயைத் தானே வளர்ப்பதாகும்.

10. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், மருத்துவத்தின் நான்கு உறுப்புக்கள் கூடிய தொகுதியே மருந்து என்னும் கருத்து நம் நூலில் நிலைபெற்றுள்ளது என்பதும், உறுப்புக்களின் தனித்தகுதியினும் அவற்றின் இயைபே நோய் தீர்த்தற்கு முதன்மையானது என்பதும், கல்வெட்டும் பணிநிரலும் அமைப்பைக் காட்டுமன்றிப் பண்பாட்டைக் காட்டா என்பதும், பக்கத்தே நிற்பவர் பேசுதற்கு உள்ள இடமே பண்பாட்டின் தலையாய அளவு என்பதும் பெறப்பட்டன.

தமிழ்நாட்டு மருத்துவமனைகட்கு ஏற்ற வினாநிரலைத் தமிழிலேயே சிந்தித்து அமைத்தல் இனிச் செய்யற்பாலது. மருத்துவரும் செவிலியரும் தமிழறிஞரும் ஒருங்கிருந்து செய்யவேண்டிய பணி இது. பேச்சுத் தமிழின் விளிகளையும், ஏவல் வடிவங்களையும், மறுத்துரைக்கும் முறைகளையும் மாவட்டந்தோறும் தொகுத்தால், அத்தொகுப்பு மொழியாராய்ச்சிக்கும் பயன்படும். படுக்கையிற் கிடப்பார் உயிர்க்கும் பயன்படும். முதுகலை மாணவர் தம் ஆய்வேட்டுக்கு இதனைப் பொருளாகக் கொள்வாராயின், திருக்குறள் உரைகளைப் பயின்ற பயனை மக்கட்கு நேரே வழங்கியவராவர்.